சீட்டாட்டம் ஒரு ஜீவனமா?

நம்மவர் வீடுகளில் ‘சீட்டு’ என்னும் சொல் மூன்று பொருளில் வழங்கி வருகிறது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் என் போன்றோருக்கு அது பயணச்சீட்டு. தாராவியிலும் செம்பூரிலும் குடித்தனம் நடத்தும் தாய்மார்களுக்கு அது மாதந்தோறும் கட்டும் ஏலச்சீட்டு. மூன்றாவது, மாலை வண்டியில் நால்வர் முழங்காலோடு முழங்கால் சேர்த்து அமர்ந்து, நடுவே ஒரு கைப்பெட்டியைக் கிடத்தி, கல்யாண் வந்ததுகூடத் தெரியாமல் ஆடும் சீட்டு. இம்மூன்றாவது சீட்டையே பிழைப்பாகக் கொள்ளலாம் என்று சொல்லும் ஒரு கூட்டம் அண்மைக் காலத்தில் தோன்றியது. அதைப் பற்றியே இத்திங்கள் எழுத எண்ணுகிறேன்.

போக்கர் என்பது அமெரிக்காவில் வளர்ந்த சீட்டாட்டம். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பத்தடி அறைகளில் அடைந்து கிடந்த நம் பிள்ளைகள் பலரின் கைப்பேசிக்குள் அது புகுந்தது. விளம்பரங்களில் புகழ் பெற்ற முகங்கள் சிரித்தன. ‘தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர்’ என்ற புதிய பட்டமும் கூடவே வந்தது. தாராவியில் தொண்ணூறடிச் சாலைப் பக்கம் குடியிருக்கும் திருநெல்வேலிச் சீமை அம்மையார் ஒருவர் 2024-ஆம் ஆண்டில் என்னிடம் கேட்டார்: “தம்பி, இவன் ராத்திரி முழுக்கப் போனில் சீட்டாடுகிறான். கேட்டால், இதுதான் அம்மா என் தொழில் என்கிறான். நாளைக்குப் பெண் வீட்டார் வந்து, பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் நான் என்னவென்று சொல்ல?”

‘சூது கெடுக்கும்’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நளன் கதையும் தருமன் கதையும் அறியாத வீடு நம்மிடம் இல்லை. திருவள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதுவும் அறத்துப்பாலில் அன்று, பொருட்பாலில். ஆனால் அந்த இளைஞனிடம் இதற்கு மறுமொழி தயாராக இருந்தது. “அண்ணே, அது சூது, இது திறமை” என்றான். இந்த வாதத்தைக் காதில் வாங்காமல் அவனைத் திருத்த முயல்வது வீண். ஏனெனில், அவன் சொல்வதில் பாதி உண்மை.

முதலில் திறமை சிறிதும் இல்லாத ஆட்டம் எதுவென்று பார்ப்போம். நம் ஊர் மங்காத்தா ஒன்று. சீட்டு உள்ளே விழுமா வெளியே விழுமா என்பதில் மனிதன் செய்வதற்கு ஒன்றுமில்லை. மும்பையின் மட்கா மற்றொன்று. நியூயார்க் பருத்திச் சந்தை விலையின் மீது பந்தயம் கட்டுவதாகத் தொடங்கிய அந்த ஆட்டம், அவ்விலை வருவது நின்ற பின், 1962-இல் கல்யாண்ஜி பகத் என்பவராலும் 1964-இல் ரத்தன் கத்ரி என்பவராலும் எண் எடுக்கும் ஆட்டமாக மாற்றப்பட்டது. பரேல் பக்கத்து ஆலைத் தொழிலாளர் கூலியில் எவ்வளவு அதற்குள் போயிற்று என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மட்கா நடத்தியவர்கள் பிழைத்தார்கள். பந்தயச் சீட்டு எழுதி வாங்கியவர்களும் பிழைத்தார்கள். மட்கா கட்டியே குடும்பம் காத்தவர் என்று ஒருவரையும் யாரும் காட்டியதில்லை. கணக்கு அதற்கு இடம் தராது.

போக்கரில் கணக்கு இடம் தருகிறது. ஆட்டம் இதுதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மூடித் தரப்படும். பிறகு மேசை நடுவே முதலில் மூன்றும், பின் ஒன்றும், பின் இன்னொன்றுமாக ஐந்து சீட்டுகள் எல்லார்க்கும் பொதுவாகத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் வைக்கலாம், கூட்டலாம், அல்லது ரம்மியில் ‘ஸ்கூட்’ என்பது போலச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். தன் இரண்டையும் பொது ஐந்தையும் கொண்டு சிறந்த ஐந்து சீட்டு அமைப்பவருக்கு நடுவிலுள்ள பணம். எல்லாரும் விலகிவிட்டால், எஞ்சியவர் கையில் குப்பைச் சீட்டே இருந்தாலும் பணம் அவருக்குத்தான். இல்லாததை இருப்பதாகக் காட்டும் கலைக்கு அங்கே இடம் அதனால்தான்.

ஓர் உதாரணத்தை மெதுவாகப் பார்க்கலாம். உங்கள் கையில் இரண்டு இஸ்பேட். மேசையில் திறந்த நான்கில் இரண்டு இஸ்பேட். இன்னும் ஒன்று இஸ்பேட்டாக வந்தால் வெற்றி உமக்கே என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் காணாத சீட்டுகள் 46. அவற்றில் இஸ்பேட் 9. நடுவில் ரூ.300 இருக்கிறது. எதிராளி ரூ.100 வைக்கிறார். நீங்கள் ரூ.100 வைத்தால் ரூ.400 கிடைக்கலாம். வைப்பதா, விடுவதா?

மனிதன் மனம் ‘நூறுக்கு நானூறு’ என்று துள்ளும். தொழில் தெரிந்தவன் துள்ளுவதில்லை. இதே நிலை 46 முறை வந்தால், 9 முறை 400 வீதம் வரவு 3,600. 37 முறை 100 வீதம் செலவு 3,700. நிகர நட்டம் ரூ.100. ஒரு முறைக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாய்க்காக அவன் சீட்டைக் கவிழ்த்துவிடுவான். நடுவில் ரூ.350 இருந்திருந்தால் வைத்திருப்பான். இதுவே அத்தொழிலின் சாரம். திரைப்படத்தில் காட்டுவது போலக் கறுப்புக் கண்ணாடியும் புகைச்சுருளும் அன்று. ஒரு பார்சல் ஆபீஸ் குமாஸ்தா எடைக்கும் தூரத்துக்கும் கட்டணம் போடுவது போன்ற, அலுப்புத் தட்டும் கணக்கு வேலை. ஒரு நாளில் பெரும்பாலான கைகளை ஆடாமலேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவனே நல்ல ஆட்டக்காரன் என்று அத்துறையார் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இதை எவரும் சொல்வதில்லை.

இத்தகைய கணக்குக்கு மேலும் ஆழமுண்டு என்பதற்கு ஒரு சான்று. 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ‘லிப்ராட்டஸ்’ என்னும் கணிப்பொறித் திட்டம், நான்கு தொழில்முறை ஆட்டக்காரரை எதிர்த்து 20 நாட்களில் 1,20,000 கைகள் ஆடி வென்றது. வெறும் அதிர்ஷ்டமாயின் எந்திரத்துக்கும் மனிதனுக்கும் வேறுபாடு தெரிந்திராது. ஆகவே திறமை உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். (கைப்பேசியில் எதிரே ஆடுவது மனிதன்தானா என்ற ஐயமும் அதே செய்தியிலிருந்துதான் பிறக்கிறது.)

இனி மற்றப் பாதி.

திறமை இருந்தாலும், கைக்கு இரண்டு ஆஸ் வருவது 221 முறைக்கு ஒரு முறை. எதிராளியிடம் இரண்டு ராஜா இருக்கும் நிலையில், இரண்டு ஆஸ் வைத்திருப்பவர் நூற்றுக்கு ஏறத்தாழ 82 முறை வெல்வார். மீதி 18 முறை, எந்தப் பிழையும் செய்யாமலே தோற்பார். இத்தகைய தோல்விகள் வரிசையாக வந்தால், சரியாக ஆடுகிறவனும் பல மாதம் தொடர்ந்து இழக்க நேரும். என் சம்பளம் குறைவுதான். ஆயினும் நான் சரியாக வேலை செய்த மாதத்தில் ரயில்வே என்னிடமிருந்து பணம் பிடுங்கிக்கொண்டதில்லை. அவன் தொழிலில் அது நடக்கும். அதனால்தான் மெய்யான தொழில்முறைக்காரன் வீட்டுச் செலவுப் பணத்தையும் ஆட்ட முதலையும் இருவேறு பெட்டிகளில் வைக்கிறான். ஆட்ட முதலில் ஒரு சிறு பங்குக்கு மேல் ஒரு மேசையில் வைப்பதில்லை. தோற்ற ஆத்திரம் தலைக்கேறினால் எழுந்து போய்விடுகிறான். எழுந்து போவதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பார்கள்.

அடுத்தது, பணம் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி. தச்சன் நாற்காலி செய்கிறான்; நம் தாராவித் தோல் தொழிலாளி பை தைக்கிறான். சீட்டு மேசையில் எதுவும் விளைவதில்லை. ஆறு பேர் ஆளுக்கு ரூ.5,000 கொண்டுவந்தால் மேசையில் ரூ.30,000. ஆட்டத்தை நடத்துகிறவர் ஒவ்வொரு கையிலும் நடுப்பணத்தில் ஒரு கழிவு எடுப்பார். நூற்றுக்கு ஐந்து என்பது பல இடங்களில் வழக்கம். ஒரு கைக்கு நடுப்பணம் சராசரி ரூ.600 என்றால் கழிவு ரூ.30. மணிக்கு 30 கை, பத்து மணி நேரம் ஆடினால் கழிவு மட்டும் ரூ.9,000. எஞ்சுவது ரூ.21,000. நம் ‘தொழில்முறை’ப் பிள்ளை ரூ.5,000 லாபத்துடன் எழுந்தான் என்று வைப்போம். அவன் கையில் ரூ.10,000. மற்ற ஐவரும் ரூ.25,000 கொண்டுவந்து ரூ.11,000-உடன் வீடு திரும்புகிறார்கள். அதாவது ஒருவன் ரூ.5,000 சம்பாதிக்க, ஐவர் ரூ.14,000 இழந்தாக வேண்டும். இதில் வரி சேரவில்லை. கைப்பேசி ஆட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றியில் நூற்றுக்கு 30 வருமான வரியாகப் பிடிக்கப்பட்டது; அவ்வாண்டு அக்டோபர் முதல், செலுத்தும் தொகை முழுவதன் மீதும் 28 சதவீதம் சரக்கு சேவை வரியும் விதிக்கப்பட்டது.

ஆகவே இத்தொழிலின் மூலப்பொருள் சீட்டு அன்று. தன்னைவிட மோசமாக ஆடும் மனிதன். அவன் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. ஆட்டக்காரன் கெட்டிக்காரனாக ஆக, ஏமாளிகள் நிறைந்த மேசையைத் தேடி அலைவதே அவன் உத்தியோகத்தின் பெரும்பகுதி ஆகிவிடுகிறது. இதைச் சொல்வது பழிப்பதற்காக அன்று. வட்டிக்கடைக்காரரும் பிறர் முடையில்தான் பிழைக்கிறார். ஆனால் அவர் தம் தொழிலைப் பெண் வீட்டாரிடம் ஒளிப்பதில்லை.

நிற்க. இவ்வாட்டத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் ஒரு கணக்கர் என்பது என் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சுவையான செய்தி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் (‘பணம் ஆக்குபவர்’ என்பதே குடும்பப் பெயர், கற்பனை அன்று) 86 டாலர் நுழைவுக் கட்டணத்தில் தொடங்கி, 2003-இல் உலகப் போக்கர் போட்டியின் தலைமைப் பந்தயத்தை வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். அவ்வாண்டு அப்பந்தயத்தில் ஆடியவர் 839 பேர். 2006-இல் 8,773 பேர். ஒரு கணக்கர் வென்றாரெனில் நாம் ஏன் வெல்லக்கூடாது என்று அத்தனை பேரும் எண்ணினர் போலும்.

இன்னொருவர் ஸ்டூ உங்கர். நியூயார்க்கில் பிறந்தவர். நம் ரம்மிக்கு உறவான ஜின் ரம்மியில் அவருக்கு எதிரே உட்கார ஆள் கிடைக்காத அளவு வல்லவர். அதனாலேயே போக்கருக்கு வந்தார் என்பார்கள். அதே தலைமைப் பந்தயத்தை 1980, 1981, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றார். கடைசி வெற்றியில் மட்டும் பத்து லட்சம் டாலர். மறு ஆண்டே, 1998-இல், லாஸ் வேகாஸ் நகரில் ஒரு மலிவான விடுதி அறையில், 45-ஆம் வயதில் இறந்து கிடந்தார். போதைப் பழக்கமும், தாம் வல்லவராக இல்லாத பிற பந்தயங்களும் அவர் வென்றதையெல்லாம் கொண்டுபோயின. சீட்டை எண்ணத் தெரிந்தவர் பணத்தை எண்ணத் தெரியாதவராக இருந்தார்.

நம் நாட்டவரும் வென்றிருக்கிறார்கள். 2018-இல் நிகிதா லூதர் என்னும் இந்தியப் பெண் ஒரு கூட்டாளியுடன் ஆடி உலகப் போட்டியின் தங்கக் கைவளை பெற்றார். 2024-இல் சந்தோஷ் சுவர்ணா லாஸ் வேகாஸில் வென்ற ஒரு பந்தயத்தின் முதற்பரிசு 54 லட்சம் டாலர். செய்தித்தாள்கள் இதைப் பெரிய எழுத்தில் போட்டன. அப்பந்தயத்தில் உட்காரவே இரண்டரை லட்சம் டாலர், நம் பணத்தில் இரண்டு கோடிக்கு மேல் கட்ட வேண்டும் என்பதைச் சிறிய எழுத்தில் போட்டன. பெரும் பந்தயங்களில் ஆடுவோர் பலர் பிறர் பணத்தை வாங்கி, வெற்றியில் பங்கு தருவதாக ஒப்பி ஆடுகிறவர்கள். பரிசுத் தொகை முழுவதும் வென்றவர் வீட்டுக்குப் போவதாக எண்ணக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? ‘சூதாட்டம் ஒரு தொழிலா’ என்னும் கேள்வி உச்சநீதிமன்றத்தின் முன் வந்ததே நம் பம்பாயிலிருந்துதான். பம்பாய் அரசுக்கும் சமர்பாக்வாலா என்பவருக்கும் இடையே, குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி பற்றிய வழக்கு அது. 1957-இல் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் ரிக் வேதத்துச் சூதாடியின் புலம்பலைக்கூட எடுத்துக்காட்டி, சூதாட்டம் அரசியலமைப்புக் காக்கும் வணிகமோ தொழிலோ ஆகாது என்று தீர்ப்பளித்தார். திறமை மேலோங்கிய போட்டி வேறு என்றும் கோடு கிழித்தார்கள். பத்தாண்டு கழித்து, 1967-இல், செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று அதே நீதிமன்றம் கூறியது. இத்தீர்ப்பை விளம்பரக்காரர்கள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். ஆனால் நடத்துகிறவர் அந்த ஆட்டத்தால் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பில் உள்ள வரியை மட்டும் மறந்துவிட்டார்கள்.

போக்கர் பற்றி நீதிமன்றங்களே ஒரு வழிப்படவில்லை. கர்நாடக உயர்நீதிமன்றம் 2013-இல் மன்றங்களில் அதை ஆட இடமளித்தது. குஜராத் உயர்நீதிமன்றம் 2017-இல் அது சூதே என்றது. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நீக்கியது. கடன்பட்டு உயிர்விட்டோர் செய்தி தொடர்ந்து வரவே, நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்து, 2022-இல் மீண்டும் அவசரச் சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பியதை அவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது சட்டமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் மட்டும் அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. 2025-இல், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை ஆடக்கூடாது என்ற விதி வந்தது. நீதிமன்றமும் அதை ஏற்றது. நம் மகாராஷ்டிரக் கதை இன்னும் வேடிக்கை: ஆட்ட விடுதிகளுக்கு அனுமதி தரும் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு, ஒரு நாளும் நடைமுறைக்கு வராமல், 2023-இல் நீக்கப்பட்டது.

இவையெல்லாவற்றையும் நாடாளுமன்றம் இரண்டே நாளில் கடந்து சென்றது. 2025 ஆகஸ்டு 20, 21 தேதிகளில் ஈரவையும் நிறைவேற்றி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவாயினும், பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டத்தை நடத்தக்கூடாது என்றது. நடத்துவோர்க்கு மூன்றாண்டுவரை சிறையும் ஒரு கோடி ரூபாய்வரை அபராதமும் உண்டு. ஆடுவோர்க்குத் தண்டனை இல்லை. எதிர்த்து வழக்குகள் தொடுக்கப்பட்டன. ஆயினும் சில நாட்களுக்குள்ளாகவே பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. ‘என் தொழில்’ என்று சொன்ன பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் இல்லாமற் போயிற்று. முன்னறிவிப்பு இல்லை, வைப்புநிதி இல்லை, பணிச் சான்றிதழ் தருவாரும் இல்லை. முதல் உள்ள சிலர் கோவாவில் மாண்டோவி ஆற்றுக் கப்பல்களுக்கும் வெளிநாட்டு மேசைகளுக்கும் போகலாம். அங்கே போக வரச் செலவும் தங்கும் செலவும் அதே கணக்கேட்டில் ஏறும்.

அந்தத் தாராவி அம்மையாருக்கு அப்போது நான் சொன்ன பதில் இவ்வளவே: “அக்கா, திட்ட வேண்டாம். ஓராண்டுக் கணக்கைக் கேளுங்கள். தேதி, ஆடிய மணி, கட்டிய பணம், வந்த பணம், வரி, கைமாற்று, எல்லாம் எழுதியிருக்கிறானா என்று பாருங்கள். எழுதியிருந்து, மணிக்கு இவ்வளவு என்று மிச்சம் காட்டினால், அவன் உண்மையிலேயே ஒரு தொழில் செய்கிறான். பெண் வீட்டாரிடம் அந்த நோட்டையே காட்டலாம். வென்ற நாள் மட்டும் நினைவிலிருந்து சொன்னால், அது பொழுதுபோக்கு. அதற்கு வீட்டுப் பணம் எவ்வளவு வரை என்று நீங்கள் தீர்மானிக்கலாம்.” பிள்ளையிடம் நோட்டு இல்லை. வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துவந்து, மதிய உணவுக்குப் பின் தாயும் மகனும் தரையில் உட்கார்ந்து கூட்டினார்களாம். பதினான்கு மாதத்தில் எந்தத் திங்களும் அவன் சொன்னபடி இல்லை. கடன் பெரிதாகுமுன் தெரிந்தது என்று மட்டும் அம்மையார் சொன்னார். தொகையை நானும் கேட்கவில்லை.

கணக்கேடு ஒழுங்காக வைத்து, சில ஆண்டுகள் இத்தொழிலில் உண்மையாகவே பிழைத்த தமிழன்பர் எவரேனும் மாதுங்காவிலோ செம்பூரிலோ இருத்தல் கூடும். அவர் சொல்வது என் கணக்குக்கு மாறாக இருந்தாலும் சரி, பெயர் இடாமலேனும் இப்பகுதிக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு என்ன நின்றது, எத்தனை மாதம் தொடர்ந்து இழந்தார், அம்மாதங்களில் வீட்டு வாடகை எப்படிக் கட்டினார் என்னும் மூன்றும் அக்கடிதத்தில் இருந்தால் போதும்.